கால்வாசி ஒற்றுமை

புதுக்கோட்டையில் அந்தப் பரிசோதனை நிலையத்தின் வாசலில் நிலவழகன் உட்கார முடியாமல் நடந்துகொண்டிருந்தான்.

"உக்காருடா. தாத்தாதான் இல்லையே, இனிமே டெஸ்ட்ல என்ன தெரியும்?" என்றான் நண்பன் அடைக்கலம்.

"தெரியும்டா. தாத்தாவுக்கு ரெண்டு குடும்பம். திருக்கோகர்ணத்து வாரிசு அவருக்குப் பொறக்கலைன்னு ஊரே பேசுது. ஒரே அப்பாவுக்கு வேற வேற அம்மாகிட்ட பொறந்தவங்களுக்கு டிஎன்ஏ கால்வாசி ஒத்திருக்கும். அதான் எங்க அப்பா எச்சிலையும் அந்த வாரிசோட எச்சிலையும் குடுத்தோம்."

"அந்த வாரிசோட மக பிரகதீஸ்வரியைத்தானே நீ கட்டணுங்கிற? ஒத்துப்போச்சுன்னா அவ ஒனக்குத் தங்கச்சி. ஊர் பேசுனது நெசமா இருக்கட்டும்னு வேண்டிக்க."

நிலவழகன் வாயைத் திறப்பதற்குள் உள்ளே கூப்பிட்டு உறையைக் கொடுத்தார்கள். அங்கேயே பிரித்தான்.

'இருவரும் ஒரே தந்தையின் பிள்ளைகளாக இருக்க 99 சதவீத வாய்ப்பு.'

"விடுடா, வேற பொண்ணு பாத்துக்கலாம்" என்று அடைக்கலம் அவன் தோளைத் தொட்டான். நிலவழகனோ கண்ணைத் துடைத்துக்கொண்டு போனை எடுத்தான்.

"அத்தை, நீங்க எங்க தாத்தா மகதான். அத நிரூபிச்சா முறைப்பொண்ணு கேட்டு நானே வாரேன், இல்லாட்டி அந்த வாசலை மிதிக்க மாட்டேன்னு அப்பா சொன்னாருல்ல? சாயங்காலம் அவரைக் கூட்டிக்கிட்டு வாரேன்."

மறுமுனையில் பிரகதீஸ்வரியின் அம்மா பிரகதாம்பாள் கேட்டாள்.

"அண்ணனுக்குக் காப்பியில சீனி போடலாமா, மாப்ளே?"