நாலு பேருக்குள் இருக்கட்டும்

"ஆரார் இருக்கிறம்? நான், கமலா, ஜெயரூபன், சின்னவள். வேற ஒருத்தரும் இல்லைத்தானே? அப்ப அந்தப் போனை நிப்பாட்டு."

வேலணைத் தீவில், குசினி மேசையைச் சுற்றிக் கதிரைகள் இழுபட்ட சத்தம் அடங்குமுன்பே சரவணமுத்துவின் குரல் உயர்ந்துவிட்டது.

"ஏன் நிப்பாட்ட? மாப்பிள்ளையின்ர தாய் எந்த நேரமும் சுவிசில இருந்து எடுப்பா," என்றாள் அவர் மனைவி கமலாதேவி.

"மண்டபம் எண்டு வாயெடுத்தன், அந்த வீடியோ ஆப்பைத் திறந்தா முழுக்க மண்டபம். தாலிக்கொடி எண்டன், நகைக்கடை வந்து நிக்குது. நேற்று இடுப்பு உளையுது எண்டனான், இண்டைக்கு எண்ணெய் விக்கிறான்! எங்கட வீட்டுக் கதையை வித்துத் தின்னுறாங்களடி!"

கமலாதேவியின் தம்பி ஜெயரூபன் சிரித்தான். மூத்த மகளுக்குச் சம்பந்தம் கொண்டுவந்தவன் அவன்தான். "அத்தான், உங்கட இடுப்பு உளைவை ஆர் காசு குடுத்து வாங்கப் போறான்? போன் கிடக்கட்டும். விஷயத்துக்கு வாங்கோ."

சரவணமுத்துவின் குரல் தணிந்தது. "மாப்பிள்ளைக்கு அங்க ஒரு பெண்சாதி இருக்கிறாள். இது மூத்தவளுக்குத் தெரியக் கூடாது. வெள்ளிக்கிழமை கலியாண எழுத்து முடியட்டும்."

ஒரு கோப்பை மேசையில் ணங்கென்று இறங்கியது.

"பெண்சாதியோ!" சின்னவள் பிரியவதனியின் குரல் கீச்சிட்டது.

"கத்தாதையும் பிள்ளை. அது விசாவுக்குச் செய்த கலியாணம். விவாகரத்துக் கிடைக்கப் போகுது," என்றான் ஜெயரூபன்.

"குழந்தையும் இருக்கெண்டனீ, தம்பி," என்று இழுத்தாள் கமலாதேவி.

"ஓம் அக்கா, ஒண்டு."

"அதுவும் விசாவுக்கோ, மாமா?"

"வாயை மூடு!" சரவணமுத்துவின் குரலோடு மேசையில் ஓர் அடி விழுந்தது. "முப்பத்திரண்டு வயசாச்சு அவளுக்கு. இதை விட்டா ஆர் வருவான்? நீ கொண்டுவந்து தருவியோ?"

"அவள் கேட்டா நான் என்னெண்டு அவளின்ர முகத்தைப் பாக்கிறது?" கமலாதேவி மூக்கை உறிஞ்சினாள்.

"பாராதை. கையெழுத்து வைச்ச பிறகு தெரிஞ்சா அவளால என்ன செய்ய ஏலும்?"

"அக்கா வேலையால வரட்டும். நான் சொல்லுவன்," என்றாள் பிரியவதனி.

"சொல்லுவியோ? கொண்டா உன்ர போனை! மச்சான், இவளை இப்பவே புங்குடுதீவில உம்மட வீட்டை கொண்டுபோய் விடும். வெள்ளி விடிய வந்தாப் போதும்."

"மூத்தவள் கேட்டா?" என்றாள் கமலாதேவி.

"சோதனைக்குப் படிக்கப் போட்டாள் எண்டு சொல்லு. அதையும் நானே சொல்லித் தர வேணுமோ? இது நாலு பேருக்குள்ள இருக்கட்டும். அஞ்சாவது ஆளின்ர காதுக்குப் போச்சோ, பிறகு பாருங்கோ!"

வெளியே மோட்டார் சைக்கிள் இரண்டு தரம் இருமிவிட்டுக் கிளம்பியது. பிரியவதனியின் அழுகை அதோடு தேய்ந்து போனது.

மேசையில் கிடந்த போன் பதிந்து அனுப்பியது அவ்வளவுதான்.

வியாழன் காலை, யாழ்ப்பாண நகரத்தில், வெளியூர்க்காரர் எவருக்கும் விளங்காத தீவுப் பேச்சைக் கேட்டு எழுதுவதற்கென்றே அந்த ஆப் கம்பெனி எடுத்திருந்த குளிரூட்டிய அறையில், 'இவர்கள் அடுத்து என்ன வாங்குவார்கள்?' என்ற கேள்விக்கு எதிரே 'ஒன்றுமில்லை' என்று தட்டிவிட்டு, துஷாந்தி காதிலிருந்து ஹெட்செட்டைக் கழற்றினாள். வேலை அட்டையை மேசையில் எறிந்துவிட்டு பிரியவதனியின் அக்கா வெளியேற, கதவு அவளுக்குப் பின்னால் சாத்தித் தானாகவே பூட்டிக்கொண்டது.