ஆயிரத்து இருநூறு பக்கம்

"கை வைக்காதம்மா. அது வெறும் பெட்டியில்ல. என் பன்னிரண்டு வருஷ உழைப்பு."

ஸ்க்ரூ டிரைவரோடு குனிந்த ஹஃப்ஸா நிமிர்ந்தாள். பாலக்கரையில் கம்ப்யூட்டர் ரிப்பேர் கடை வைத்திருப்பவள். ஸ்ரீரங்கத்துக்கு அவளை அழைத்து வந்தவர் வாசகர் மன்றச் செயலாளர் அடைக்கலம்.

"கை வைக்காம எப்படி சார் பாக்குறது?"

தடுத்தவர் வீட்டுக்காரர் அழகிரி. வாசலில் 'ஆய்வுக்கடல் அழகிரி' என்று பெயர்ப்பலகை. அந்தப் பட்டத்தைக் கொடுத்தது யார் என்று தெருவில் ஒருவருக்கும் தெரியாது. பலகை மட்டும் வருடா வருடம் பெரிதாகிக்கொண்டிருந்தது.

"உங்களை யாருங்க ஆளைக் கூட்டிட்டு வரச் சொன்னது?" என்று அடைக்கலத்தின் மேல் பாய்ந்தார். "நேத்து சாயங்காலம் ஹார்ட் டிஸ்க் போச்சுன்னு என் துக்கத்தைச் சொன்னேன். மெக்கானிக்கா கேட்டேன்?"

"ஐயா, ஞாயித்துக்கிழமை தென்னூர்ல வெளியீட்டு விழா. முந்நூறு பேருக்கு அழைப்பிதழ் போயாச்சு. திருத்தணும் திருத்தணும்னே சொல்லி அச்சகத்துக்கு ஒரு பக்கம்கூடக் குடுக்கல. பத்து பிரதியாவது மேடையில வைக்க வேணாமா?"

"வெறுங்கையோட மேடை ஏறுறேன். ஒரு அறிஞன் அழறதை ஊர் பாக்கட்டும். ஆயிரத்து இருநூறு பக்கம் ஊர் வரலாறு, அடைக்கலம். உறையூர்லேர்ந்து கல்லணை வரைக்கும் ஒரு கல்லு விடல. இந்த டிஸ்க்கைச் செஞ்சவன் மேல கேஸ் போடாம விடமாட்டேன்."

அடைக்கலம் கண்ணைத் துடைத்துக்கொண்டார். "கமிட்டியிலயும் பேசினோம் ஐயா. நூல் வராட்டியும் சால்வை உண்டு, பட்டமும் உண்டு."

"என்ன பட்டம்?" என்றார் அழகிரி, கம்மிய குரலில்.

"'இழப்பிலும் தளரா இலக்கிய வேழம்.'"

"வேழம்னா யானைன்னு எல்லாருக்கும் புரியுமா?"

அதற்குள் ஹஃப்ஸா பெட்டியைத் திறந்திருந்தாள். "இதுக்கு முன்னாடி யாராவது கழட்டினீங்களா சார்? ரெண்டு ஸ்க்ரூவைக் காணோம். டிஸ்க் ஓரம் அடிபட்ட மாதிரி நசுங்கியிருக்கு."

"பாத்தீங்களா அடைக்கலம்? என் வீட்டுக்கே வந்து என்னையே குத்தவாளி ஆக்குது. பேனா புடிச்ச கைம்மா இது, ஸ்க்ரூ டிரைவர் புடிச்சதில்ல. நீ கிளம்பு. செத்தது செத்ததாவே இருக்கட்டும்."

"இன்னும் சாகல சார். டிக் டிக்னு சத்தம் போடுது, ஆனா படிக்குது. புது டிஸ்க் கொண்டாந்திருக்கேன். அதுல காப்பி எடுத்துடலாம்."

"என் ஆராய்ச்சி அந்நியர் கண்ணுல படக் கூடாது" என்று எழுந்தார் அழகிரி.

அடைக்கலம் அவர் கையைப் பிடித்து உட்கார வைத்தார். "மன்றமே உங்களைக் கும்பிட்டுக் கேக்குது ஐயா. கொஞ்சம் பொறுங்க."

ஒன்றரை மணி நேரம் ஆனது. அதற்குள் இரண்டு முறை அழகிரி மெயின் சுவிட்சை அணைக்கப் போனார். பாவம், மன உளைச்சல் என்று நினைத்து, இரண்டு முறையும் அடைக்கலம் தோளில் தட்டித் திருப்பிக் கூட்டி வந்தார்.

"முடிஞ்சுது சார்" என்றாள் ஹஃப்ஸா. "ஒண்ணுகூடப் போகல."

அடைக்கலம் கைகூப்பினார். "ஆயிரத்து இருநூறு பக்கமும் வந்துடுச்சா?"

"'என் மாபெரும் நூல்'னு ஒரு ஃபோல்டர் இருக்கு. அதுக்குள்ள ஒரே ஃபைல்தான். மூணு பக்கம்."

அடைக்கலம் கண்ணாடியை மாட்டிக்கொண்டு திரையருகே குனிந்து உரக்கப் படித்தார்: "'அன்பர்களே, நேற்று வரை நன்றாக ஓடிய என் கம்ப்யூட்டரின் ஹார்ட் டிஸ்க் திடீரெனப் பழுதாகி, பன்னிரண்டு வருட உழைப்பு அழிந்துவிட்டது. இதோ, உங்கள் முன் வெறுங்கையோடு நிற்கிறேன்...'"

கண்ணாடியைக் கழற்றிவிட்டு அழகிரியின் பக்கம் திரும்பினார். "அவ்வளவு வேதனையிலயும் ஞாயித்துக்கிழமைப் பேச்சை உக்காந்து எழுதியிருக்கீங்களே ஐயா."

திரையில் ஃபைலின் தேதியைக் காட்டிவிட்டு, ஹஃப்ஸா பையை மூடிக்கொண்டே சொன்னாள்: "இதை எழுதி அஞ்சு வாரம் ஆச்சு சார்."