முழுப் பெயர்

"அங்ஹாரட்டை என் மனைவியா ஏத்துக்கறேன்" என்று ரூபர்ட் வெல்ஷ் மொழியில் சொல்லி முடித்ததும், பின்வரிசையில் டயர்க்கடை பிரின்மோர் கைதட்டிவிட்டான்.

எங்கள் சேப்பலில், அந்தச் சின்னத் தேவாலயத்தில், யாரும் கைதட்டுவதில்லை. ஆனாலும் அவனைக் குற்றம் சொல்ல முடியாது. மாப்பிள்ளை நாரிச்காரன், அசல் ஆங்கிலேயன். என் மகளின் பெயரை அவன் வாயில் நுழைப்பதற்குள் பிரின்மோரும் பாடகர் குழுவும் ஆறு மாதம் பப்பில் படாத பாடு பட்டுவிட்டார்கள்.

முதல் மாதம் 'ஹா' வரவில்லை. இரண்டாம் மாதம் 'ஹா' வந்தது, 'ங்' போய்விட்டது.

"டேய், பேரைச் சொல்றியா, தும்முறியா?" என்று பிரின்மோர் கேட்டதும், பப்பே சிரித்ததும் எனக்குத் தெரியும். நானும் அங்கேதான் இருந்தேன். பெண்ணைப் பெற்றவன் சிரிக்கக் கூடாதென்று யாராவது சொல்லியிருக்கிறார்களா?

லேசான பெயர் இல்லை, ஒப்புக்கொள்கிறேன். ஆயிரம் வருடத்துப் பழசு. அன்பு என்ற சொல்லிலிருந்து பிறந்தது. ரொம்பவும் நேசிக்கப்படுகிறவள் என்று பொருள். ரொம்பக் காலம் ஓய்ந்து கிடந்துவிட்டு மறுபடி தலையெடுத்த பெயர். மகளின் வகுப்பில் மட்டும் மூன்று பேர். பால்காரர் வீட்டு அங்ஹாரட், தபால்காரர் வீட்டு அங்ஹாரட், எங்கள் வீட்டுப் பெண் மேல்பண்ணை அங்ஹாரட்.

அந்தப் பெயரைப் பையன் இன்று பிசிறில்லாமல் சொல்லிவிட்டான். எனக்குக் கண் கலங்கிவிட்டது. ஜலதோஷம் என்று பக்கத்திலிருந்தவரிடம் சமாளித்தேன்.

அப்போதுதான் மாவட்டத்திலிருந்து வந்திருந்த பதிவாளர் அம்மாள் தொண்டையைச் செருமினார்.

"அழகா சொன்னீங்க, தம்பி. ஆனா முழுப் பேரும் சொல்லணும். சொன்னாத்தான் நான் கையெழுத்து வாங்க முடியும்." பதிவேட்டில் ஓரிடத்தை விரலால் தட்டினார்.

ரூபர்ட் குனிந்து பார்த்தான். முகத்தில் ஈயாடவில்லை.

எங்கள் பக்கத்தில் இது சகஜம். முதல் பெயர் பதிவேட்டுக்கு, இரண்டாவது பெயர் கூப்பிடுவதற்கு. பிரின்மோரின் முதல் பெயர் வில்லியம். ஆஸ்பத்திரியில் நர்ஸ் "வில்லியம், வில்லியம்" என்று கத்த, இவன் அந்த வில்லியம் எங்கே தொலைந்தானோ என்று அரைமணி நேரம் வேடிக்கை பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தானாம்.

மகளின் முதல் பெயரை ரூபர்ட் பாஸ்போர்ட்டில் பார்த்திருப்பான். யாரும் வாயால் சொல்லி அவன் கேட்டதில்லை. ஒத்திகையின்போதுகூடப் போதகர் இத்வால் வெறும் அங்ஹாரட் என்றுதான் சொன்னார். நான் முன்வரிசையில்தான் இருந்தேன். திருத்தவில்லை.

அதுவும் பழைய பெயர்தான். இளவரசிகளுக்கு வைத்தது. ஆனால் நடுவில் இரட்டை 'ல்' வரும். அங்ஹாரட் அதற்கு முன்னால் பச்சைப்பிள்ளை. நாக்கை 'ல்' சொல்வதுபோல் பல்லுக்குப் பின்னால் வைத்துக்கொண்டு பக்கவாட்டில் காற்றை ஊத வேண்டும். பால் பொங்கி அடுப்பில் விழுந்தால் ஒரு சத்தம் வருமே, அதுதான்.

ரூபர்ட் வாயைத் திறந்தான். மூடினான். நெற்றியெல்லாம் வியர்வை.

திரும்பிப் பார்த்தேன். வந்திருந்த எண்பது பேரும் நாக்கைப் பல்லுக்குப் பின்னால் வைத்துக்கொண்டிருந்தார்கள். எண்பது கன்னங்கள் லேசாக உப்பியிருந்தன. பையனுக்காகச் சத்தமில்லாமல் ஊதிக்கொண்டிருந்தார்கள், பாவிகள்.

"யாராவது ஒரு தடவை சொல்லிக் காட்டுங்களேன்" என்றார் பதிவாளர் அம்மாள். "மாப்பிள்ளை புடிச்சுக்குவார்."

போதகர் வாயைத் திறந்தார். என்னைப் பார்த்தார். மூடிக்கொண்டார்.

பிறந்ததிலிருந்து வாயை மூடியறியாத பிரின்மோரும் கப்சிப். மகள் பூச்செண்டின் ரிப்பனைச் சுருட்டிக்கொண்டே இருந்தாள். பாதிப் பேர் பாடகர் குழுவைச் சேர்ந்தவர்கள். கூரை அதிரப் பாடுகிறவர்கள். ஒருவருக்கும் குரல் எழும்பவில்லை.

எல்லாரும் என்னையே பார்த்தார்கள்.

பதிவாளர் அம்மாள் வெளியூர். அவருக்குத் தெரிய நியாயமில்லை. ஒன்பது வருடமாக இந்த ஊரில் என் காதுபட அந்தப் பெயரை யாரும் சொன்னதில்லை. சொல்லாதீர்கள் என்று நான் கேட்டதில்லை. அவர்களாகவே விட்டுவிட்டார்கள்.

வீட்டில் ஒரே பெயரில் இரண்டு பேர் இருந்தால் கூப்பிடும்போது குழப்பம். அதற்காகத்தான் மகளை இரண்டாவது பெயரால் கூப்பிட ஆரம்பித்தோம். பிறகு ஒரு மார்ச் மாதத்தோடு குழப்பத்துக்கு வழியில்லாமல் போய்விட்டது. கூப்பிடுவதை மட்டும் நாங்கள் மாற்றிக்கொள்ளவில்லை.

எழுந்தேன். பெஞ்சின் விளிம்பைப் பிடித்துக்கொண்டேன். இதற்கு ஜலதோஷத்தைக் காரணம் சொல்ல முடியாது.

"குவென்ல்லியன்" என்றேன்.

போய்ச் சேர்ந்த என் மனைவியின் பெயர். நான் பயந்ததுபோல் ஒன்றும் ஆகவில்லை. கூரை அப்படியே நின்றது. மகள்தான் ரிப்பனை விட்டுவிட்டு என்னைப் பார்த்தாள்.

பையனுக்கு அப்போதே பிடிபட்டுவிட்டது. உதடு அசைந்ததை நான் பார்த்தேன். நாக்குகூடச் சரியான இடத்துக்குப் போய்விட்டது. ஆனால் அவன் சொல்லவில்லை. ஒரு நிமிடம் மகளைப் பார்த்தான், பிறகு என்னை.

"இன்னொரு தடவை சொல்லுங்க, மாமா" என்றான்.

சொன்னேன்.