புது ஸ்பானர்

அவர் விமானப்படையில் மெக்கானிக்காக இருந்து ஓய்வுபெற்றவர். வீட்டுச் சமையலறைச் சுவரிலும் கரண்டி, கத்தி, கத்தரிக்கோல் என ஒவ்வொன்றின் உருவத்தையும் கறுப்புப் பெயிண்டில் வரைந்து, அதன் மேலேயே அதை மாட்டியிருந்தார். படையில் அப்படித்தான். கருவிப் பலகையில் ஓர் உருவம் காலியாக இருந்தால், அந்தக் கருவி ஜெட்டுக்குள் எங்கோ கிடக்கிறது என்று அர்த்தம். அது கிடைக்கும்வரை ஜெட் கிளம்பாது.

ஒருமுறை கிளம்பியது. காணாமல்போன ஸ்பானரைத் தேடச் சோம்பல்பட்டு, அதே அளவில் வேறொன்றை அவர் மாட்டிவைத்திருந்தார். மேலெழும்பியதுமே ஜெட் எரிந்து விழுந்தது. பறவை மோதியதாக விசாரணையை முடித்தார்கள். விமானியின் சவப்பெட்டிக்கு அவரும் தோள் கொடுத்தார்.

இன்று காலை கரண்டிக்குப் பக்கத்தில், அவர் வரையாத ஓர் உருவம் புதிதாக இருந்தது. ஸ்பானர் உருவம். காலியாக.

"இதையும் வரைஞ்சாச்சா?" என்று மனைவி அலுத்துக்கொண்டாள். "எதையாவது மாட்டித் தொலைங்க, பாக்கவே கண்றாவியா இருக்கு."

வாசலில் மருமகன் காரைக் கிளப்பிவிட்டான். "அப்பா, நாங்க கிளம்பட்டுமா?" என்று மகள் குரல் கொடுத்தாள்.

அவர் கருவிப் பெட்டியிலிருந்து புது ஸ்பானர் ஒன்றை எடுத்து மாட்டினார். கச்சிதமாகப் பொருந்தியது.

"எல்லாம் சரியா இருக்கும்மா. கிளம்புங்க."

வழியனுப்பிவிட்டு உள்ளே வந்தால், சுவரில் கருகி வளைந்த பழைய ஸ்பானர் தொங்கியது. தொட்டார், விரல் பொசுங்கியது. புதியதைக் காணவில்லை.

போன் அடித்தது.

"அப்பா, கார்ல முன்பக்கம் ஏதோ டொக்குனு சத்தம் கேக்குது. நிறுத்திப் பாக்கச் சொல்லவா?"

"வேண்டாம்மா," என்றார் அவர். "ஏதாவது பறவை மோதியிருக்கும்."