டஜனுக்கு எத்தனை?

"ஒரு டஜன்னா எத்தனைம்மா?"

ஒரகடம் உதிரிபாகக் கம்பெனியில் சூப்பர்வைசர் பாண்டுரங்கன் கூப்பிட்டுக் கேட்டதும், பேக்கிங்கில் இருக்கும் கலைமதிக்கு வியர்த்துவிட்டது.

"பன்னெண்டு சார்."

"நீ போட்ட பாக்ஸ் ஒண்ணுலகூட பன்னெண்டு கிளிப் இல்லியாமே? கஸ்டமர் மெயில் போட்டுகீறாரு."

"குறையவே குறையாது சார்! சத்தியமா!" அழுதேவிட்டாள்.

"குறையுதுன்னு யார் சொன்னா? எல்லாத்துலயும் பதிமூணு கீது!"

கலைமதி கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "எங்கனா எண்ணிக்கை தப்பி, குறைஞ்சா வேலை போய்டுமேன்னு பயம் சார். அதான் ஒண்ணு சேத்தே போட்டுகினு இருந்தேன்."

பாண்டுரங்கன் சிரித்துவிட்டார். "அந்தக் காலத்து இங்கிலாந்துல, ரொட்டி குறைஞ்சா பேக்கரிக்காரனுக்குத் தண்டனையாம். அந்த பயத்துல டஜனுக்குப் பதிமூணா குடுப்பாங்களாம். உன் வேலை எங்கயும் போவாது. இனிமே பன்னெண்டே போடு."

ஷிஃப்ட் முடிந்து, மனசு லேசாகி, கம்பெனி வாசலில் ஒரு டஜன் வாழைப்பழம் வாங்கினாள். பன்னிரண்டை எண்ணிப் போட்ட பழக்காரி கிளியம்மாள், மேலே இன்னொன்றையும் பையில் வைத்தாள்.

"பன்னெண்டு போதும்க்கா. நீ எதுக்குப் பயப்படுற?"

"பயமா? இது கொசுறு, கண்ணு!"