வீட்டுக்கு ரெண்டு வாளி

"வாளிய கீழ வைங்க மீனம்மாக்கா."

அழகுமுத்து, மலைத்தண்ணீர் விழும் பீலிக்குக் குறுக்கே நின்றான். லயத்தின் வரிசை வீடுகளுக்கான வீட்டுத்தோட்டக் குழுவுக்கு அவன்தான் தலைவன். பக்கத்தில் பிரதாப், கையில் டார்ச்சோடு.

மீனம்மா வாளியை வைக்கவில்லை.

"என்ன தம்பி?"

"இது எத்தனாவது வாளி?"

"மூணு."

"வீட்டுக்கு ரெண்டுதானே?"

தை மாதம். நானுஓயா மலைப் பக்கம் உறைபனி. வெயில் வருவதற்குள் உருளைக்கிழங்குச் செடியில் தண்ணீர் தெளித்துப் பனியைக் கழுவ வேண்டும். கழுவாத இலை வெயில் பட்டால் கருகிவிடும். மழையும் இல்லை. பீலியில் நூல் மாதிரிதான் வருகிறது. அதனால்தான் தினமும் வீட்டுக்கு ரெண்டு வாளி என்று குழு சட்டம் வைத்திருந்தது. மீறினால் நீக்கம். அடுத்த போகத்துக்கு விதைக்கிழங்கு கிடையாது.

"நேத்தும் நாலு தூக்குனாங்க அண்ணே. கண்ணால பாத்தேன். அதான் ஒங்கள எழுப்பிக் கூட்டியாந்தேன்," என்றான் பிரதாப்.

"நாலா?"

"நாலுதான்," என்றாள் மீனம்மா. "வெயிலு வருது தம்பி. ஊத்திட்டு வந்து நிக்கிறேன். அப்பறம் என்ன வேணும்னாலும் கேளுங்க."

"கேட்டுட்டுத்தான் ஊத்தணும்."

எதிர்மலை உச்சி மஞ்சளாகிவிட்டது. வெயில் தேயிலை மேல் இறங்கிக்கொண்டிருந்தது.

"மொத ரெண்டு வாளி எங்க போச்சு?"

மீனம்மா வாளியை மறு கைக்கு மாற்றினாள்.

"டவுன்ல போத்தல்ல அடைச்சு வித்துட்டாங்களோ என்னமோ," பிரதாப் சிரித்தான்.

"ஒன் வாயக் கழுவ நாலு வாளி பத்தாதுடா," என்றாள் மீனம்மா.

காலி வாளிகளோடு நாலைந்து பேர் கூடிவிட்டார்கள். நாகலெட்சுமி முன்னால் வந்தாள்.

"ஊத்த விடுங்களேன். அவங்க வீட்டுக்காரரு கால் ஒடஞ்சு கெடக்காரு. அந்தப் பாத்தி போனா வேற என்னா இருக்கு அவங்களுக்கு?"

"கஷ்டம் எல்லாருக்குந்தான். நான் தலைவன். எங்க வீட்டுலயும் ரெண்டு வாளிதான். ஒரு எல கருகியிருக்கா, போய்ப் பாருங்க. விடியுமுன்ன எழும்பணும். அம்புட்டுத்தான்."

மீனம்மா அவனைப் பார்த்தாள். பிறகு அவன் வீட்டுக் கதவைப் பார்த்தாள்.

"சொல்லுங்க. அந்தத் தண்ணிய எங்க ஊத்துனீங்க?"

"இத்தன பேருக்கு முன்னால வேணாம் தம்பி. அப்பறம் சொல்றேன்."

"மடியில கனமில்லன்னா இப்பவே சொல்லலாமே."

அவள் கண் மேட்டிலிருந்த தன் பாத்தியில் இருந்தது. வெயில் வேலியைத் தொட்டுவிட்டது.

"அப்ப இன்னையிலருந்து குழுவுல நீங்க இல்ல."

வாளியைப் பிடுங்கிப் பீலிக்கு அடியிலிருந்த தொட்டியில் கவிழ்த்தான்.

வெயில் வேலியைத் தாண்டிப் பாத்தியில் விழுந்தது. செடி மேலிருந்த வெள்ளை உருகியது. இலைகள் வெந்த கீரை மாதிரித் துவண்டன. மத்தியானத்துக்குள் கருத்துப் போகும்.

மீனம்மா காலி வாளியை எடுத்துக்கொண்டு நடந்தாள்.

தலைவர் வீட்டுக் கதவு திறந்தது. சுலக்ஷனா வந்தாள். அழகுமுத்துவின் மனைவி. நிறைமாதம். ஒரு கையால் இடுப்பைப் பிடித்துக்கொண்டு, மேட்டைப் பார்த்தவள் அப்படியே நின்றுவிட்டாள்.

"என்னக்கா இது? ஒங்க பாத்தியில வெயிலு வந்துருச்சே. எங்களுதுக்கு ஊத்திட்டு அப்பவே போனீங்களே?"

அழகுமுத்து திரும்பினான்.

"நம்ம பாத்திக்கு நீ ஊத்தலையா?"

"ரெண்டு வாரமா அக்காதான் ஊத்துறாங்க. வயித்தோட பனியில வழுக்கி விழுந்துருவேன்னு, நம்ம ரெண்டு வாளிய மொதல்ல ஊத்திட்டுத்தான் அவங்க ரெண்டு வாளிய எடுப்பாங்க."

பிரதாப் டார்ச்சை அணைத்தான்.

"என்னைய எழுப்புனா என்ன?" அழகுமுத்துவின் குரல் இறங்கிவிட்டது.

"எழுப்புனேனே. 'தலைவர் வீட்டுப் பாத்தி கருகுனா மானம் போயிரும், போய் ஊத்து'ன்னு சொல்லிட்டு, நீங்க கம்பளிய இழுத்துப் போத்திக்கிட்டீங்க."