வெளிப்பக்கம் திரும்பிய செருப்பு

ஃபெஸ் நகரில் சீதி ஹம்தூனின் அடக்கத்தலத்தைப் பரம்பரையாகக் காத்துவருபவள் ருக்கையா. எழுநூறு ஆண்டுகளுக்கு முன்பு, சுல்தான் வந்தபோதும் உட்கார்ந்த இடத்தை விட்டு எழாத நீதிபதி சீதி ஹம்தூன். ஏழைகள் வழக்கோடு வந்தால் மட்டும் எழுந்துபோய், அவர்கள் வாசலில் கழற்றிய செருப்புகளைப் போகும்போது மாட்டிக்கொள்ள வசதியாகத் தன் கையாலேயே வெளிப்பக்கம் திருப்பிவைப்பாராம். வருகிறவர்கள் எல்லோருக்கும் ருக்கையா இன்றும் அப்படித்தான் செய்கிறாள்.

அன்று ஆளுநர் வந்தார். கூட்டம் நுழையாதபடி வெளிக்கதவை உட்பக்கமாகத் தாழிட்டுவிட்டு, அவரை மட்டும் உள்ளே அழைத்துப்போனாள். பாத்திஹா ஓதி முடித்த பிறகுதான், செருப்பைத் திருப்ப மறந்தது நினைவுக்கு வந்தது.

முற்றத்தில் ஆளுநரின் பளபளக்கும் சப்பாத்துகள் கழற்றிய மேனிக்குக் கிடந்தன. பக்கத்தில் ருக்கையாவின் தேய்ந்த செருப்புகள் வெளிப்பக்கம் திரும்பியிருந்தன. யாரோ தூசியைக்கூடத் துடைத்திருந்தார்கள்.

“உன்னோடத மட்டும் திருப்பி வச்சுக்கிட்டியாக்கும்?” என்றார் ஆளுநர்.

“நான் உங்ககூடத்தானே உள்ள இருந்தேன், ஐயா. சுல்தானுக்கே எந்திரிக்காதவரு அவரு.”

ருக்கையா நிமிர்ந்தபடியே செருப்புக்குள் கால் நுழைத்தாள். தாழிட்ட கதவை ஒருமுறை பார்த்துவிட்டு, ஆளுநர் குனிந்தார்.